சிங்க்கின் உயரம்

டீசல் வாடை மூக்கில் ஏறினால் லார்கின் பஸ் நிலையத்தில் சிங்கப்பூர் பஸ்ஸுக்கான வரிசையும் ஒரு சிங்க்கும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. அன்று வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவன், மனைவி. சிங்கப்பூர் வேலைக்கு அவள் முதன்முதலாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்; அவன் வழியனுப்ப வந்திருந்தான்.

“புதுக் குசினிக்கு இன்னிக்கு சிங்க் வைக்கிறாங்க. எவ்வளவு உயரம்னு கொண்ட்ராக்டர் கேக்குறாரு,” என்றான் அவன், வீட்டில் கட்டும் சமையலறையைப் பற்றி.

“உங்க இடுப்பு உயரத்துக்கு வைக்கச் சொல்லுங்க.”

“உனக்கு எட்டாது லா.”

“வாரம் பூரா அங்க நிக்கப்போறது நீங்கதானே.”

“ஒரு மாசத்துல வேலைய விட்டுட்டுத் திரும்பிடுவேன்னு சொன்னியே.”

“நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லல.”

பஸ் கதவு திறந்தது. அவன் அவளுடைய பையை விடவில்லை.

“உன் உயரத்துக்குத்தான் வைக்கச் சொல்லுவேன்.”

“அப்ப குனிஞ்சு கழுவுங்க. பையைக் குடுங்க.”