தறிக்குழியில் கால் விடுவது போல

சேவூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு நெசவாளி. அவர் பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒரு தீயணைப்புக்காரர். நெசவாளி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மெட்ராஸ்ல லிஃப்ட் ஆறாவது மாடி தரைக்கு இடுப்பு ஒயரம் மேலயே நின்னுடுச்சுங்க. கம்பிக் கதவைத் தள்ளிட்டு, நெய்ய உக்காரும்போது தறிக்குழியில கால உடுற மாதிரி விளிம்புல குந்திகினு சறுக்கி எறங்கிட்டேன்.”

“கரண்ட்ட நிறுத்தினாங்களா?”

“இல்லீங்க. நான் எறங்கினதும் அது சர்ருனு மேல போயிடுச்சு.”

தீயணைப்புக்காரர் சீட்டை விட்டே எழுந்துவிட்டார். “ஐயோ! நாங்களே கரண்ட்ட நிறுத்தாம கதவுல கை வெக்க மாட்டோங்க. லிஃப்டுக்கு அடியில என்னா இருந்துச்சுன்னு பாத்தீங்களா?”

“ஒரே இருட்டு. தறிக்குழி ஆழந்தான் இருக்கும்னு...”

“ஆறு மாடி ஆழங்க அது! கால் கொஞ்சம் லிஃப்டுக்கு அடியில போயிருந்தா நேரா கீழதான்.”

நெசவாளி செருப்பை உதறிவிட்டு, இரண்டு கால்களையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.