கல்லறையில் அழுத எம்.எல்.ஏ.

"அழும்போது மட்டும் தமிழனாயிட்டாரு உங்க தம்பி."

விவேக் நகர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சொன்னவள் இளையவள். மூத்தவளின் சித்தப்பா மகன் எம்.எல்.ஏ., மறுபடியும் நிற்கிறார் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

இது கன்னட ஊர். போன வாரம் போனில் தமிழில் பேசியதற்காக என் மகளை பஸ்ஸில் ஒருவர் எல்லார் முன்னாலும் திட்டினார். அதிலிருந்து தமிழன், கன்னடன் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் என் காது அங்கே போய்விடுகிறது.

"மேடையில அவரு பரம்பரை மைசூர் கன்னடக்காரரு. அம்மாவைக் குழியில இறக்கும்போது மட்டும் 'என்ன உட்டுட்டுப் போறியேம்மா'ன்னு தமிழ் வருது. வீடியோ உங்க போன்லதானேக்கா இருக்கு? எதிர்க்கட்சிக்காரங்க கேட்டாங்களே. குடுத்தா அவரு கதை முடிஞ்சுது."

கண்டக்டர் வந்தார். இருவரும் கன்னடத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, குரலைக்கூடத் தாழ்த்தாமல் தமிழுக்குத் திரும்பினார்கள்.

மூத்தவள் போனை எடுத்தாள். ஓர் ஆணின் அழுகை கொஞ்சம் கேட்டது. உடனே நிறுத்தி, திரையில் எதையோ தட்டினாள்.

"பெத்தவளுக்காக அழுதிருக்கான். இதைப் போய் யாருக்குடி குடுக்கறது?"

"அழிச்சிட்டீங்களா?"

"அழிச்சிட்டேன்."

"அப்ப உங்க ஓட்டு தம்பிக்குத்தான்."

"ஓட்டு வேற."

"ஏன்க்கா?"

"அவன் அப்பா, எங்க சித்தப்பா, கோலார் தங்கச் சுரங்கத்துல இறங்கி, தூசியைத் தின்னு, இருமி இருமியே செத்தாரு. அந்த மனுஷன மைசூர்ல பெரிய பண்ணைக்காரருன்னு மைக்ல சொன்னான். அதுக்கு எங்கிட்ட ஓட்டு கிடையாது."