ஆடியில் ஒரு சுதந்திர தினம்

ஆகஸ்ட் பதினைந்து காலை, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு புது மாப்பிள்ளையும் அவன் சிநேகிதனும். ஆடி இன்னும் முடியவில்லை. புதுப்பெண் தாய்வீட்டில் இருக்கிற மாதம்.

"ஆடியில மாமியார் வூட்டுக்குப் போறியே மச்சான், உங்கம்மா இன்னா சொன்னாங்க?"

"நான் எங்க பொண்டாட்டியப் பாக்கப் போறேன்? அந்த ஊர்ல கொடி ஏத்தறாங்க, பாத்துட்டு வரேன்னு சொன்னேன்."

"நம்ம ஊர்ல ஏத்தலியா?"

"இங்க கும்பலு. ஒண்ணும் தெரியாது."

"மடியில இன்னா பொட்டலம்?"

"பூவு. கொடிக்குள்ள வச்சிக் கட்டுவாங்க இல்ல, ஏத்தி அவுக்கும்போது கொட்டுமே, அதுக்கு."

சிநேகிதன் வாழையிலையை லேசாகப் பிரித்தான். உள்ளே நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம்.

"தொடுத்த பூவு எப்டி மச்சான் கொட்டும்?"