விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு ஒரு ஒத்திகை

டீச்சர்: அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தணும். உங்களுக்கே மூச்சு வாங்குது பாருங்க.

மேனேஜர்: எந்த இடத்துல?

டீச்சர்: "பெரியோர்களே"ன்னு சொல்லிட்டு நிறுத்தணும். நீங்க "பெரியோர்களே கடந்த மூன்றாண்டுகளில்"னு ஒரே மூச்சுல ஓடுறீங்க. பின்னாடி நாய் துரத்துற மாதிரி.

மேனேஜர்: பத்து நிமிஷம்தான் குடுத்திருக்காங்க.

டீச்சர்: பத்து நிமிஷத்துக்கு அஞ்சு பக்கமா எழுதுவாங்க? சரி, இந்தாங்க சட்டை. இஸ்திரி போட்டாச்சு. சூடா இருக்கு, பாத்து. கார் எத்தனை மணிக்கு?

மேனேஜர்: எட்டேகாலுக்கு. ஆபீஸ் கார். "பெரியோர்களே... கடந்த மூன்றாண்டுகளில் நமது கிளையின் வாடிக்கையாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், கைபேசி வழியாகவே பணம் அனுப்பவும் பெறவும் பழகிவிட்டார்கள்."

டீச்சர்: மீதி பத்து பேரு?

மேனேஜர்: அவங்கதான் இன்னைக்கு கூட்டத்துக்கு வர்றாங்க.

டீச்சர்: அப்போ வராதவங்களோட பெருமைய வந்தவங்ககிட்ட சொல்லப் போறீங்க.

மேனேஜர்: குறுக்க பேசாத. "முன்பு நமது கிளையில் நான்கு கவுண்டர்கள் இருந்தன. இன்று ஒன்றே போதும் என்ற நிலையை எட்டியிருக்கிறோம்."

டீச்சர்: அதை எடுத்துடுங்க.

மேனேஜர்: ஏன்? அதுதானே சாதனை. தலைமை அலுவலகத்துலயே கூப்பிட்டுப் பாராட்டினாங்க.

டீச்சர்: அந்த ஒத்தக் கவுண்டர்ல ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்னவங்கதான் உங்க எதிர்ல உக்காந்திருப்பாங்க.

மேனேஜர்: ...சரி. அடிச்சுடு.

டீச்சர்: அடிச்சாச்சு.

மேனேஜர்: "இன்று பணப்பை என்பதே தேவையில்லை. காய்கறி விற்கும் அம்மா கூட வண்டியில் ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி..."

டீச்சர்: அந்தம்மாவா? நேத்து நூறு ரூபா நோட்ட நீட்டினேன். "சில்லறையெல்லாம் இப்ப யாரும்மா வெச்சிருக்கா, போன்ல போடுங்க"ன்னுச்சு. நாளைக்குத் தரேன்னு சொல்லிட்டு வந்தேன்.

மேனேஜர்: ஏன், போன்லயே போட்டிருக்கலாமே?

டீச்சர்: போன்ல... சார்ஜ் இல்ல.

மேனேஜர்: நான் ஊருக்கே சொல்லித் தரேன். என் வீட்டுல தக்காளிக்குக் கடன் சொல்லுறாங்க.

டீச்சர்: தக்காளி இல்ல, வெங்காயம். அடுத்த பக்கம் போங்க.

மேனேஜர்: அடுத்தது பாதுகாப்பு. இதுதான் முக்கியம். "வசதி பெருகும் இடத்தில் திருட்டும் பெருகும். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்பார்கள். இனிக்க இனிக்கப் பேசுவார்கள். உங்கள் கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்பார்கள். அதைச் சொல்கிறவர்கள் யார்? பேராசைக்காரர்கள். முட்டாள்கள்."

டீச்சர்: முட்டாள்கள் வேண்டாமே.

மேனேஜர்: ஏன்?

டீச்சர்: வயசானவங்க வருவாங்க. மனசு கஷ்டப்படும்.

மேனேஜர்: சரி, முட்டாள் போகட்டும். பேராசைக்காரர்கள் இருக்கட்டும்.

டீச்சர்: அதுவும் வேண்டாம்.

மேனேஜர்: ரெண்டையும் எடுத்துட்டா அந்தப் பக்கத்துல மிச்சம் இருக்கறது "நன்றி, வணக்கம்" மட்டும்தான்.

டீச்சர்: இதெல்லாம் எப்ப எழுதினீங்க?

மேனேஜர்: மூணு வாரம்... இல்ல, அதுக்கும் முன்னாடி. ஒரு மாசம் இருக்கும்.

டீச்சர்: இப்ப எழுதியிருந்தாலும் முட்டாள்னுதான் எழுதியிருப்பீங்களா?

மேனேஜர்: ...இப்ப எழுதறதா இருந்தா, "கவனக்குறைவானவர்கள்"னு போட்டிருப்பேன்.

டீச்சர்: அது நல்லா இருக்கு. அதையே போட்டுடுறேன்.

மேனேஜர்: நல்லா எழுது, எனக்குப் படிக்க வரணும். ஆமா, அடுத்த வாரம் உங்க பள்ளிக்கூட டூர். பெட்டிய இன்னும் பரண்லேர்ந்து இறக்கவே இல்லையே நீ.

டீச்சர்: நான் போகல.

மேனேஜர்: போகலையா? ரெண்டு வருஷமா சீட்டு கட்டுற மாதிரி சேத்து வெச்ச. கடலப் பாக்கணும், கப்பல்ல ஏறணும்னு...

டீச்சர்: கால் வலிக்குது. கடல் எங்க போயிடப் போகுது. உங்க வண்டி எப்ப வரும் மெக்கானிக்கிட்டேர்ந்து?

மேனேஜர்: ஏதோ ஒரு பாகம் கிடைக்கலையாம். வெளியூர்லேர்ந்து வரணும்.

டீச்சர்: விமானத்துக்குக்கூட இதுக்குள்ள பாகம் வந்திருக்கும்.

மேனேஜர்: நடக்கறதும் நல்லதுதான். டாக்டர் சொன்னார்.

டீச்சர்: எந்த டாக்டர்?

மேனேஜர்: பொதுவா டாக்டருங்க சொல்லுவாங்க. விடு. கேள்வி நேரம் இருக்கு. ரெண்டு மூணு கேள்வி கேளு, பதில் சொல்லிப் பழகிக்கறேன்.

டீச்சர்: சரி. நான் ஒரு அம்மா. எழுந்து நிக்கறேன். "ஐயா, ஒருத்தன் போன்ல பேசி ஏமாத்திட்டான். இப்ப நான் என்ன பண்ணணும்?"

மேனேஜர்: "உடனே வங்கியின் உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும், அம்மா. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போய்விடும்."

டீச்சர்: "அஞ்சு நாள் ஆயிடுச்சுங்களே ஐயா."

மேனேஜர்: அஞ்சு நாளா? அவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தாங்களாம்?

டீச்சர்: வீட்டுக்காரருக்குப் பயந்து.

மேனேஜர்: வீட்டுக்காரர் என்ன புலியா?

டீச்சர்: புலி இல்ல. மேனே... மேடையில பேசறவரு.

மேனேஜர்: என்ன சொன்ன?

டீச்சர்: ஒண்ணும் இல்ல. அடுத்த கேள்வி. உங்க போன் அடிக்குது பாருங்க.

மேனேஜர்: அடிக்கட்டும்.

டீச்சர்: கார்க்காரரா இருக்கப் போவுது.

மேனேஜர்: அவர் நம்பர் இல்ல. தெரியாத நம்பர். நீ எடுத்துப் பேசு.

டீச்சர்: நான் ஏன் எடுக்கணும்? உங்க போன்.

மேனேஜர்: சட்டைக்குப் பட்டன் போட்டுட்டிருக்கேன்ல.

டீச்சர்: நான் இஸ்திரிப் பெட்டிய மடக்கிட்டிருக்கேன்.

மேனேஜர்: ...நின்னுடுச்சு.

டீச்சர்: நல்லதாப் போச்சு.

மேனேஜர்: உக்காரு.

டீச்சர்: நேரம் ஆகலையா உங்களுக்கு?

மேனேஜர்: உக்காருன்னா உக்காரு. அந்த அம்மா யாரு?

டீச்சர்: எந்த அம்மா?

மேனேஜர்: அஞ்சு நாள் சும்மா இருந்த அம்மா.

டீச்சர்: இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடா இருக்கு, எடுத்து வெச்சுட்டு வந்துடறேன்.

மேனேஜர்: எவ்வளவு?

டீச்சர்: நாப்பத்திரண்டாயிரம்.

மேனேஜர்: டூர் பணமா?

டீச்சர்: டூர் பணமும், தீபாவளி மாதிரி ஒண்ணு ரெண்டு நல்லது கெட்டதுக்கு ஒதுக்கினதும். சுத்தமாத் தொடச்சுட்டான். வெங்காயத்துக்குக்கூட விட்டு வைக்கல.

மேனேஜர்: நீயா? நான் தினம் படிச்சுப் படிச்சு சொல்லியும்?

டீச்சர்: நீங்க சொன்ன மாதிரி அவன் பேசலைங்க. வாய் கூசாம "வணக்கம் டீச்சர்"னான். "உங்க வீட்டுக்காரருக்கு ஒரு பரிசு அறிவிச்சிருக்கோம், அவருக்குத் தெரியாம மேடையில வெச்சுக் குடுக்கப் போறோம், பணத்தை உங்க கணக்குல போட்டு வைக்கறோம்"னான். நானும்... இத்தனை வருஷம் நாய்படாத பாடு படுறாரே மனுஷன், யாரோ ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கேன்னு...

மேனேஜர்: அதனால ஆறு நம்பரையும் சொல்லிட்ட.

டீச்சர்: ரெண்டு தடவை சொன்னேன். முதல் தடவை அவனுக்கு சரியாக் கேக்கலையாம்.

மேனேஜர்: ...ம்.

டீச்சர்: திட்டுங்க.

மேனேஜர்: திட்டி என்ன ஆகப் போகுது.

டீச்சர்: போன மாசம் குழாய சரியா மூடலைன்னு மூணு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தீங்க. நாப்பத்திரண்டாயிரத்துக்கு ஒரு "ம்" தானா?

மேனேஜர்: அவன் குரல் எப்படி இருந்துச்சு?

டீச்சர்: குரலா? நல்ல குரல். செய்தி வாசிக்கறவங்க மாதிரி.

மேனேஜர்: நடுநடுவுல தொண்டையச் செருமினானா? செருமிட்டு "மன்னிக்கணும்"னு சொன்னானா?

டீச்சர்: ஆமா. "ஏசி ஒத்துக்கல"ன்னு கூட...

மேனேஜர்: "ஏசி ஒத்துக்கல, மன்னிக்கணும்."

டீச்சர்: அதேதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?

மேனேஜர்: தண்ணி குடு கொஞ்சம்.

டீச்சர்: தண்ணி அப்புறம். வண்டி எங்க இருக்கு?

மேனேஜர்: வித்துட்டேன்.

டீச்சர்: மெக்கானிக்...

மேனேஜர்: அவன்தான் ஆள் பிடிச்சுக் குடுத்தான். வீட்டு லோன் தவணை கட்டணும்ல. கணக்குல அது கட்டக்கூட மிச்சம் இல்ல.

டீச்சர்: எவ்வளவு?

மேனேஜர்: உன்னோடதை விட நாலு மடங்கு.

டீச்சர்: மேனேஜர்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தஸ்துக்குத் தகுந்த மாதிரி எடுத்திருக்கான்.

மேனேஜர்: சிரிக்கறியா?

டீச்சர்: அழுதா கண்மை கலையும். பள்ளிக்கூடம் போகணும். சொல்லுங்க, உங்ககிட்ட என்ன சொன்னான்?

மேனேஜர்: "இந்த வட்டாரத்துலயே வாடிக்கையாளர்களை போனுக்கு மாத்தினதுல உங்க கிளைதான் முதலிடம் சார்"னான்.

டீச்சர்: நீங்க?

மேனேஜர்: அது உண்மைதானே. உண்மையச் சொல்றவனை எப்படி சந்தேகப்படறது? "ஊக்கத்தொகை வருது, கணக்கைச் சரிபாக்கணும், ஒரு நம்பர் வரும் சார்"னான். வந்துச்சு.

டீச்சர்: சொன்னீங்க.

மேனேஜர்: சீட்டுல உக்காந்துக்கிட்டே சொன்னேன். எனக்கு நேர் எதிர்ல சுவத்துல, "யாரிடமும் எண்ணைப் பகிராதீர்"னு நானே ஒட்டின போஸ்டர்.

டீச்சர்: வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. வண்டி கண்ணுல படாம மூணு வாரம் ஆச்சு. நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா, அவன் "வணக்கம் டீச்சர்"னு சொன்னதும் போனை வெச்சிருப்பேன்.

மேனேஜர்: எப்படிச் சொல்றது? தினம் உனக்குப் பாடம் எடுக்கறவன்.

டீச்சர்: பேங்க்லயாவது சொன்னீங்களா?

மேனேஜர்: "விழிப்புணர்வு அதிகாரி ஏமாந்தார்"னு பேப்பர்ல வரும். அப்புறம் யாரு என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவாங்க?

டீச்சர்: அடி ஆத்தாடி. "ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், அம்மா"ன்னு இப்பதானே எங்கிட்ட சொன்னீங்க? எடுங்க போனை. முதல்ல உங்க பேங்குக்கு, அப்புறம் என் பேங்குக்கு. இப்பவே.

மேனேஜர்: கூட்டம் முடிஞ்சு வந்து...

டீச்சர்: இப்பவே. சொல்லாம நீங்க மேடை ஏறினா, முதல் வரிசையில நான் வந்து உக்காருவேன். கேள்வி நேரத்துல எழுந்து நிப்பேன்.

மேனேஜர்: சரி, சரி. போடுறேன்... அடிக்குது. எடுத்துட்டாங்க.

டீச்சர்: என்ன சொல்றாங்க?

மேனேஜர்: மெஷின் பேசுது. "பணம் அனுப்ப ஒன்றை அழுத்தவும், கடன் பெற இரண்டை அழுத்தவும்..."

டீச்சர்: பணம் போனவங்க எதை அழுத்தணும்?

மேனேஜர்: இன்னும் வரல... ஒன்பது. அழுத்திட்டேன்.

டீச்சர்: ஆள் வந்தாங்களா?

மேனேஜர்: பாட்டு போடுறாங்க. எல்லாரும் பிஸியாம். வரிசையில எனக்கு முன்னாடி நாப்பது பேராம்.

டீச்சர்: கவுண்டர்ல நின்னா முன்னாடி இருக்கறவங்க முதுகாவது தெரியும். ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வைங்க. உக்காருங்க. கார் வந்தா நிக்கட்டும்.

மேனேஜர்: பேச்சு?

டீச்சர்: அஞ்சு பக்கமும் வேண்டாம். போயி இதையே சொல்லுங்க. யாருக்கும் தூக்கம் வராது.

மேனேஜர்: வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா?

டீச்சர்: என் சம்பளம் ஒண்ணாந்தேதி வரும். அதுவரைக்கும் வெங்காயம் இல்லாம சாப்பிடலாம்.

மேனேஜர்: ...முப்பத்தெட்டு பேரு.

டீச்சர்: எனக்கு ஒண்ணுதான் புரியலைங்க. உங்களப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சது சரி. உங்க பேரும் நம்பரும் பேங்க் வாசல்லயே போர்டுல தொங்குது. என் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைச்சுது? பசங்களோட அப்பா அம்மாவுக்குக்கூட நான் பள்ளிக்கூட நம்பரத்தான் குடுப்பேன். என் கணக்கு உங்க பேங்க்லயும் இல்ல. யாரோ தெரிஞ்சவங்கதான் குடுத்திருக்கணும்.

மேனேஜர்: முப்பத்தாறு பேரு.

டீச்சர்: யாரா இருக்கும்? நம்ம ஹெட்மிஸ்ட்ரஸ்ஸா?

மேனேஜர்: அவங்கள இழுக்காத, பாவம்.

டீச்சர்: அப்போ வேற யாரு? எவனா இருந்தாலும் நான் விடமாட்டேன்.

மேனேஜர்: பணம் போனதும் நானே அவனுக்குத் திருப்பிக் கூப்பிட்டேன். "தவறுதலாப் போயிடுச்சு சார், அனுப்பிடறோம், உங்க கணக்கு இப்ப முடங்கியிருக்கு, வீட்டுல வேற யாராவது நம்பர் இருந்தா சொல்லுங்க"ன்னான். அப்பவும் நம்பினேன். அந்த அவசரத்துல போன்ல தேடிப் பாக்கக்கூட வரல... பாக்காம சொல்றதுக்கு எனக்கு உன் நம்பர் ஒண்ணுதான் தெரியும்.