கடைசியாய்த் திறந்த விரல்

— கதவைச் சாத்தாதக்கா. நான் மாமாவைப் பாக்கணும்.

— எதுக்கு? அவர் வேலைக்கு உலை வச்சது பத்தலையா, சூப்பர்வைசர் தம்பி?

— குத்திக்காட்டு, வாங்கிக்கிறேன். அந்தக் கைரேகை மெஷின் தப்புக்கா.

— அடேயப்பா! மருந்துக் கிடங்குல எல்லார் முன்னாடியும் என்ன சொன்ன? “மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது.” நான் குளிர் ரூமைத் திறக்கவே இல்லன்னு அவர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரேடா!

— இன்னைக்குக் காலையில கை கழுவிட்டு ஈர விரலை வச்சேன். கதவு திறந்துச்சு. திரையில மாமா பேரு.

— வீட்டுக்கு அனுப்பின ஆளோட பேரு இன்னுமா அதுல இருக்கு?

— யாரும் அழிக்கலக்கா. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆரம்பத்துலயே மாமா ரேகை அரைகுறையாத்தான் பதிஞ்சிருக்காம். வேற ஆளு ஈர விரலை வச்சாலும், சில நேரம் அதை மாமான்னு எடுத்துக்குமாம்.

— சரி. அப்ப ராத்திரி பூரா கதவைத் திறந்துபோட்டு, அத்தனை மருந்தையும் கெடுத்தது யாரு? தரையைப் பாக்காத. என்னைப் பாத்துச் சொல்லு.

— நான்தான்க்கா. ஜில்லுன்னு இருக்கட்டும்னு தண்ணி பாட்டிலை உள்ள வச்சிருந்தேன். கிளம்புறப்ப முகம் கழுவிட்டு வந்து எடுத்தேன். கதவை அழுத்திச் சாத்தல போலிருக்கு.

— தெரிஞ்சேவா மறைச்ச?

— இல்ல... ஆமா. மறுநாள் மருந்து கெட்டுப்போச்சுன்னதும் ஓடினேன். மெஷினைப் பாத்தா, கடைசியா மாமா பேரு. அந்த நேரத்துக்கு என் பேரே இல்ல. அப்பாடான்னு இருந்துச்சுக்கா. எனக்கப்புறம் அவர் போயிருப்பாருன்னு நினைச்சேன். போகப் போக, நான் உள்ள போகவே இல்லன்னு நானே நம்பிட்டேன்.

— பாவி.

— முதலாளிகிட்ட சொல்லிட்டேன். என் வேலை போனாப் போகட்டும். மாமா என்னை அடிக்கட்டும், திட்டட்டும். எவ்வளவு ஆத்திரம் இருக்கும் அவருக்கு!

— ஆத்திரமா? அடுப்பை அணைச்சோமான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பாக்குறாருடா. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டமாட்டேங்குறாரு. என்னை நம்பி விடாதங்குறாரு.

— ஏன்க்கா?

— மெஷின் பொய் சொல்லாதுன்னியே, அதை அவரும் நம்பிட்டாரு. தான்தான் திறந்தோம், மறந்துபோச்சுன்னு. உள்ள போ. வேலை வாங்கிக் குடுத்த உன் பேரைக் கெடுத்துட்டேன்னு, உன்கிட்ட மன்னிப்புக் கேக்கக் காத்துக்கிட்டிருக்காரு.