கல் வீட்டில் இரண்டு பேர்

மருமகள்: ...குனிங்க அத்தை, குனிங்கன்னு கத்திட்டே இருக்கேன்...

மாமியார்: ஆ! இடிச்சாச்சு.

மருமகள்: நேத்திலிருந்து நாலாவது தடவை.

மாமியார்: மூணு. ஒண்ணு நீ இடிச்சது. இந்த வாசலைக் கட்டினவன் எத்தனை அடி உசரம் இருந்திருப்பான்?

மருமகள்: ஒரு காலத்துல மீனுக்கு உப்புப் போட்டு வச்ச கிடங்காம் இது. கூரையெல்லாம் விழுந்து கிடந்திருக்கு. பழைய கல்லையே பொறுக்கி அடுக்கிக் கட்டியிருக்காங்க. வாடகைக்கு விட்டவங்க மேஜை மேல ஒரு கோப்பு வச்சிருக்காங்க பாருங்க, எல்லாம் எழுதியிருக்கு.

மாமியார்: படிச்சேன். வெந்நீரை வீணாக்காதீங்க, காத்தடிச்சா கதவைத் தாழ் போடுங்க, ஜன்னல்ல ஈரத்துணி போடாதீங்க... என் மாமியார்கூட எனக்கு இவ்வளவு சட்டம் போட்டதில்ல.

மருமகள்: ஆனா ஜன்னல்ல துணி காயுது.

மாமியார்: துணி எங்க காயுது? அது சாக்ஸ். கல் தரை இப்படிச் சில்லுன்னு இருந்தா நான் வேற என்ன பண்றது?

மருமகள்: சாக்ஸைத் தள்ளிட்டு இந்த ஜன்னல் திட்டுல ஏறி உக்காருங்க. சுவர் எவ்வளவு அகலம் பாருங்க. ரெண்டு பேரும் காலை நீட்டலாம். கடல் முழுசா தெரியுது.

மாமியார்: அறுபத்தாறு வயசுல ஜன்னல்ல ஏறணுமா... கை குடு. அம்மாடி... ம். நல்லாத்தான் இருக்கு.

மருமகள்: நல்லாத்தான் இருக்கா? நல்லாயிருக்குன்னு முழுசா சொன்னா வாய் வலிக்குமா?

மாமியார்: நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு. போதுமா? இந்த இரைச்சல்ல தூக்கமே வராதுன்னு நெனச்சேன். கண்ணை மூடினதுதான் தெரியும்.

மருமகள்: அப்புறம் வந்த குறட்டை எனக்குத் தெரியும்.

மாமியார்: அது கடல்டி.

மருமகள்: கடல் நடுவுல இருமாது அத்தை... இருங்க, உங்க போன் அடிக்குது.

மாமியார்: ஐயோ, அவன்தான். உஷ், மூச்சு விடாதே... ஹலோ, சொல்லுப்பா... ஆமா, சிநேகிதி வீட்லதான்... என்ன சத்தம்? அலையா? டிவிப்பா. கப்பல் படம் ஓடுது... துணியா? நீங்களே பாத்து எடுங்க, எனக்கு எந்தக் கலரும் சரி... ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். வச்சுடறேன்... அப்பாடா.

மருமகள்: முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல உக்காந்தவங்க பொய் சொல்ற லட்சணமா இது?

மாமியார்: நாங்க லைன்தான் போட்டுக் குடுப்போம். பொய்யை அவங்கவங்களே சொல்லிப்பாங்க. நீ மட்டும் என்ன, உங்கம்மாகிட்ட நிஜத்தைச் சொல்லிட்டா வந்தே?

மருமகள்: ஆபீஸ் ட்ரெயினிங்னு சொன்னேன். தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாங்க. 'அவங்களோட இன்னும் என்னடி உனக்கு'ன்னு... எங்க இறங்கறீங்க? மெதுவா.

மாமியார்: அடுப்பைத் துடைச்சுட்டு வந்துடறேன்.

மருமகள்: காலையிலிருந்து அதைத்தான் துடைக்கிறீங்க. முகம் பாத்துத் தலை வாரலாம், அப்படி மின்னுது. என்ன விஷயம் அத்தை?

மாமியார்: ஒண்ணுமில்ல.

மருமகள்: சரி.

மாமியார்: ...உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பஸ்லயே சொல்லலாம்னு பாத்தேன், நீ தூங்கிட்டே. அப்புறம் கடற்கரையில... நீ செருப்பை அலைக்கு விட்டுட்டு அது பின்னாலயே ஓடிச் சிரிச்சுட்டிருந்தே. அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படி...

மருமகள்: அவருக்குக் கல்யாணம். அடுத்த மாசம் ஆறாந்தேதி.

மாமியார்: ...உனக்கு யார் சொன்னா?

மருமகள்: அவரேதான். ஒரு மாசமாச்சு. 'அம்மாகிட்ட காட்டிக்காதே, நீ வருத்தப்படுவியோன்னு அவங்க வருத்தப்படுவாங்க'ன்னார்.

மாமியார்: அடப்பாவிகளா! நான் ராத்திரி பகல் இதையே மென்னு முழுங்கிட்டிருக்கேன், நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா!

மருமகள்: எனக்கு வருத்தமில்ல அத்தை. சத்தியமா. நான் அழுது முடிச்சே வருஷம் ரெண்டாச்சு. அந்தப் பொண்ணு எப்படி?

மாமியார்: நல்ல பொண்ணு. ரொம்ப மரியாதை. நான் என்ன சொன்னாலும் 'சரிங்க'ங்கறா. என்னை ஒரு தடவைகூடக் கேலி பண்ணல... பேச்சே ஓட மாட்டேங்குது.

மருமகள்: பழகிட்டா பண்ணுவா.

மாமியார்: பண்ணட்டும். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நீ எதுக்கு என்னை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தே?

மருமகள்: இதுதான் கடைசித் தடவைன்னு நெனச்சுத்தான். புதுசா ஒருத்தி வர்ற வீட்டுல, நான் உங்களோட சுத்திட்டிருந்தா நல்லாயிருக்காது. அதான், மூணு நாள் சந்தோஷமா இருந்துட்டு... அப்படியே விட்டுடலாம்னு. விவாகரத்து ஆன அன்னிக்கே உங்களை அத்தைன்னு கூப்பிடறதை நான் நிறுத்தியிருக்கணும்.

மாமியார்: ஏன் நிறுத்தணும்? கோர்ட்டுல கையெழுத்துப் போட்டது நீயும் அவனும். நான் எங்கடி போட்டேன்?