நாக்கு அவனுடையது

அன்று மாலை என் மச்சினன் தன் தேநீரைத் தட்டால் மூடி ஜன்னலோரம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பழம் ருசி பார்க்கும்முன் வாயில் வேறெதுவும் பட்டிருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். என் தேநீரை நான் சூடாகவே குடித்தேன்.

மறுபடியும் மர நடை தொடங்கச் சொல்லி நீங்கள் எல்லோரும் கேட்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிறுதோறும் உங்களை ஏரிக்கரைக் காட்டுக்கு அழைத்துப் போய், இது தின்னலாம், இது ஆகாது என்று சொல்லி வந்தவன் நான். ஒருமுறைகூடப் பிசகியதில்லை. இலை, பட்டை, காம்பு எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் புத்தகத்துக்கும் மரத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். அதை அடைத்தவன் என் மனைவியின் தம்பி. முதலில் உதட்டில் தேய்ப்பான். பிறகு நுனிப்பல்லால் கடித்துத் துப்புவான். மறுநாள்தான் ஒன்றை விழுங்குவான்.

"ஊருக்கு நீங்க வாத்தியார் மாமா, உங்களுக்கு நான் நாக்கு" என்று சிரிப்பான்.

"வாய்க்கொழுப்புடா மாப்ள" என்பேன்.

அவனை நான் கட்டாயப்படுத்தியதே இல்லை.

அந்த மாலைக்கு மறுநாள் நடை இருந்தது. வழியிலிருந்த மரங்களெல்லாம் காய்த்து ஓய்ந்துவிட்டன. வெறும் இலையைக் காட்டினால் உங்கள் முகம் தொங்கிப்போகும். மேட்டில் ஒரு மரம் மட்டும் கருகருவென்று பழுத்து நின்றது. நமக்குத் தெரிந்த மரம் போலவே இருந்தது. காம்பைக் கிள்ளியபோது பால் கசிந்தது. நமக்குத் தெரிந்ததில் பால் வராது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். சந்தேகம் இருந்ததால்தான் அவனிடம் கொடுத்தேன். சந்தேகம் இல்லாத பழத்தை எதற்குச் சோதிக்க வேண்டும்?

நேரமில்லை, உதடு பல்லெல்லாம் வேண்டாம் என்றேன். கை நிறைய அள்ளித் தின்றான்.

"இனிக்குது மாமா. நீங்களும் ஒண்ணு போடுங்க."

"இப்பத்தான்டா டீ குடிச்சேன்."

அன்றிரவு அவனைச் சேர்த்த மருத்துவமனையில் டாக்டர், "நீங்களும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கும்முன் என் மனைவி, "ரெண்டு பேரும்தான் சாப்பிடுவாங்க டாக்டர். தம்பிக்குக் குடுத்துட்டு இவர் வேடிக்கை பார்க்க மாட்டாரு" என்றாள்.

வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அவள் முகத்துக்கு நேரே மறுக்க வெட்கமாக இருந்தது. தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் கோளாறு பழத்தில் இல்லை என்று முடிவுகட்டி, வேறு காரணம் தேடத் தொடங்கினார்கள். கைக்குட்டை என் சட்டைப்பையில் இருந்தது. அவனுக்கு நினைவும் இருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆமாக்கா, மாமாவும் தின்னாரு" என்றான்.

விடிவதற்குள் போய்விட்டான்.

பழம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தபோது, நான் தப்பியது உடல்வாகால் என்றார்கள். நீங்களும் என்னைப் பிழைத்து வந்தவன் என்கிறீர்கள். நான் அதில் ஒரு பழம்கூடத் தின்னவில்லை. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான்.

வீட்டில் இப்போது கடைப்பழம் மட்டும்தான். நானாவது மிஞ்ச வேண்டும் என்று என் மனைவிக்குப் பயம். நறுக்கி, முதல் துண்டைத் தான் கடித்துப் பார்த்து, சற்றுப் பொறுத்திருந்து, "நல்லாத்தான் இருக்குங்க" என்று தட்டை என் பக்கம் நகர்த்துகிறாள்.

நான் எடுத்துத் தின்கிறேன்.